பொன்முகலிக்கு அப்பால்

திருப்பதியிலிருந்து காளத்தி வழியாக நாயுடுபேட்டைக்குச் செல்லும் பேருந்தில் அமர்ந்திருப்போருக்குப் பொன்முகலி ஆறு புதியதன்று. தெலுங்கில் சுவர்ணமுகி என வழங்கும் அதனைத் திருக்காளத்தியின் பெயரோடு சேர்த்து அறிந்த நம்மவர்கள் பொன்முகலி என்றே அழைப்பர். ஆண்டின் பெரும்பகுதியில் அதிலே மணலைத்தான் காண்கிறோம். மழை மிகுந்த சில நாட்களில் மட்டும் ஆறு தன் பெயருக்கேற்ப நடந்துகொள்கிறது. நாயுடுபேட்டையைக் கடந்து, இன்னும் கிழக்கே சென்று, அது வங்கக் கடலில் கலக்கிறது. பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில் அவ்விடத்தில் ஆற்றின் கோடு முடிந்து நீலநிறம் தொடங்கும். அந்த நீலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று படம் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

நீருக்கடியிலும் நிலம் தொடர்ந்தே செல்கிறது. கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் தூரம் வரை அது ஏறக்குறையச் சமதரைதான். கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று மீட்டர் இறங்கினால் அதிகம். இதனைக் கண்டத்திட்டு என்பர். ஆழம் நூறு, இருநூறு மீட்டர் ஆனவுடன் திட்டு முடிந்து, தரை சட்டென்று சரியத் தொடங்குகிறது. அது கண்டச் சரிவு. வங்கக் கடலின் மேற்கு ஓரத்தில் இச்சரிவு ஏறத்தாழ மூவாயிரம் மீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. நம் கண்ணெதிரே நிற்கும் திருமலையைப் போல் மூன்று மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் உயரத்தை எட்டாது. அத்துணைப் பெரிய மலைச்சரிவு கரையிலிருந்து ஒரு பகல் படகுப் பயணத் தொலைவில் கிடக்கிறது.

மலைச்சரிவு என்றால் ஓடைகளும் பள்ளங்களும் இல்லாமலா போகும்? இங்கும் உண்டு. கண்டச் சரிவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, செங்குத்தான சுவர்களுடன், சில இடங்களில் பல நூறு மீட்டர் ஆழத்துக்குக் குடைந்து செல்லும் அப்பள்ளங்களையே கடலடிப் பள்ளத்தாக்குகள் என்கிறோம். சில பள்ளத்தாக்குகள் சரிவின் நடுவிலேயே தொடங்குகின்றன. வேறு சில, திட்டையும் கிழித்துக்கொண்டு கரையை நோக்கி வந்துவிடுகின்றன. நிலத்தின் மேல் இருந்திருந்தால் இவற்றுள் பெரியவற்றைக் காண உல்லாசப் பயணிகள் கூட்டங்கூட்டமாக வந்திருப்பார்கள். கடலுக்கடியில் இருப்பதால் இவற்றின் இருப்பைக் கண்டறிவதே பெரும்பாடாகப் போயிற்று. எவ்வாறு கண்டறிந்தார்கள், கண்டறிந்ததை எவ்வாறு படமாக வரைந்தார்கள், அந்தப் படத்தை நாம் எவ்வளவு நம்பலாம் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வங்கக் கடலுக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. கங்கையும் பிரமபுத்திராவும் கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு எதிரே, சுந்தரவனக் காடுகளிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில், ஒரு பெரும் பள்ளம் தொடங்குகிறது. சுற்றிலும் ஆழங்குறைந்த சேற்றுக் கடல். நடுவில் மட்டும் திடீரென நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம். ஆங்கில மாலுமிகள் அதற்கு ‘ஸ்வாட்ச் ஆஃப் நோ கிரவுண்ட்’ என்று பெயரிட்டார்கள். தரை தட்டாத கீற்று என்று நாம் சொல்லலாம். ஆழம் பார்க்கக் கயிற்றில் கட்டி இறக்கிய ஈயக்குண்டு அங்கே தரையைத் தொடவில்லை. அந்தச் செய்தியே பெயராகிவிட்டது. ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற அறிஞர் கங்கைச் சமவெளியைப் பற்றி 1863-இல் எழுதியபோதே இப்பள்ளத்தின் காரணத்தை ஆராய்ந்தார். இமயத்திலிருந்து ஆறுகள் அரித்துக் கொணரும் மண்ணில் பெரும்பகுதி இவ்வழியாக ஆழ்கடலுக்குச் சென்று, விசிறிபோல விரிந்து, இலங்கைக்கும் தெற்கே நிலநடுக்கோட்டைக் கடந்து சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் படிந்திருக்கிறது. உலகிலேயே பெரிய கடலடி மண் விசிறி இதுவே.

ஈயக்குண்டைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நம் கரையோர மீனவர்கள் இன்றும் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். இரு கைகளையும் விரித்தால் ஒரு பாகம்; ஏறக்குறைய ஆறு அடி. கயிற்றை அளந்து விடுவதும் இழுப்பதும் எங்கும் ஒரே முறைதான். குண்டின் அடியில் குழி செய்து அதில் கொழுப்பைத் தடவி இறக்குவார்கள். தரையின் மணலோ சேறோ அதில் ஒட்டிக்கொண்டு வரும். பத்துப் பாகத்துக்கு இது எளிது. இரண்டாயிரம் பாகத்துக்கு? கப்பலை நிறுத்தி, கயிறு நேராக இறங்கும்படி பார்த்துக்கொண்டு, ஒரே ஓர் எண்ணைப் பெறப் பல மணி நேரம் ஆகும். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த ‘சாலஞ்சர்’ கப்பல், ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகளில் எடுத்த ஆழ்கடல் அளவுகள் ஐந்நூறுக்கும் குறைவு. இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளத்தாக்கு இத்தகைய வலையில் சிக்குவது குருட்டுப் பூனைக்கு எலி அகப்பட்டதைப் போன்றதே.

ஒளி நீரில் இருநூறு மீட்டர் இறங்குவதற்குள் மங்கிவிடும். ஆயிரம் மீட்டருக்குக் கீழே முழு இருள். வானொலி அலையும் ராடாரும் கடல்நீருள் செல்லா. நீரைத் துளைத்து நெடுந்தூரம் சென்று திரும்பும் தூதன் ஒலி ஒன்றே. கப்பலின் அடியிலிருந்து ஒரு சிற்றொலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்தால் ஆழம் தெரிந்துவிடும். கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. எதிரொலி இரண்டு விநாடி கழித்து வந்தால், போக ஒன்று, வர ஒன்று. ஆழம் 1,500 மீட்டர். இவ்வளவுதான் எதிரொலிமானியின் தத்துவம். ஜெர்மானியக் கப்பலான ‘மீட்டியோர்’ 1925 முதல் 1927 வரை தென் அட்லாண்டிக்கில் இக்கருவியைக் கொண்டு அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட அளவுகளை எடுத்தது. சாலஞ்சரின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் இவ்வெளிய கணக்கு சமதரைக்கு மட்டுமே எளியது. பள்ளத்தாக்கில் ஒலி நம்மை ஏமாற்றுகிறது. பழைய எதிரொலிமானியின் ஒலி நூல் பிடித்தாற்போல் நேராக இறங்குவதன்று. கைவிளக்கின் ஒளிபோல் விரிந்துகொண்டே செல்வது. நேர்க்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 30 பாகை விரிகிறது என்று கொண்டால், ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அது படும் வட்டத்தின் குறுக்களவு 1,100 மீட்டருக்கும் மேல். அவ்வட்டத்துள் எது அண்மையில் உள்ளதோ அதன் எதிரொலிதான் முதலில் வரும்.

கப்பல் ஒரு குறுகிய பள்ளத்தாக்கின் நடுவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேர் கீழே தரை 1,000 மீட்டர். பக்கவாட்டில் 200 மீட்டர் தள்ளி, 400 மீட்டர் ஆழத்தில், பள்ளத்தாக்கின் விளிம்பு. கப்பலுக்கும் விளிம்புக்கும் உள்ள சாய்வான தொலைவை நாம் பித்தகோரஸ் தேற்றத்தால் கணக்கிடலாம்: சுமார் 447 மீட்டர். ஆகவே விளிம்பின் எதிரொலி 0.6 விநாடியில் வந்துவிடுகிறது. உண்மைத் தரையின் எதிரொலி 1.3 விநாடிக்குப் பிறகு, களைத்துப்போய், சுவர்களின் இரைச்சலுக்கிடையே வந்து சேர்கிறது. சில சமயம் வந்து சேர்வதே இல்லை. கருவி உருளும் தாளில் 447 என்று கோடு கிழித்துவிட்டு நகர்ந்துவிடும். 1,000 மீட்டர்ப் பள்ளம் படத்தில் பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. தட்டையான அடிவாரம் கொண்ட பள்ளத்தாக்கும் கூர்மையான ஆப்புப்போலத் தோன்றுகிறது. பழைய பதிவுத் தாள்களைப் படிப்பவர்கள் ஒன்றின்மேல் ஒன்று வெட்டிக்கொள்ளும் வளைகோடுகளைப் பிரித்துப் பிரித்து, எது சுவர், எது தரை என்று தீர்ப்புச் சொல்லவேண்டும். கருவியைக் காட்டிலும் படிப்பவரின் பயிற்சியே இங்கு முக்கியம்.

ஒலியின் வேகமும் எங்கும் ஒன்றன்று. வங்கக் கடலின் மேற்பரப்பு வெதுவெதுப்பானது. அங்கே ஒலி விரைந்து செல்லும். கீழே குளிர்நீரில் அதன் வேகம் குறையும். இன்னும் கீழே அழுத்தம் மிகுந்து மீண்டும் வேகம் ஏறும். ஆகையால் கருவி காட்டும் எண்ணை இடத்துக்கேற்றவாறு திருத்தவேண்டும். இவற்றையெல்லாம்விடப் பெரிய தொல்லை, கப்பல் எங்கே இருக்கிறது என்பது. செயற்கைக்கோள் வழிகாட்டாத அந்நாட்களில், அந்தியிலும் விடியலிலும் விண்மீன்களை அளந்தே இடத்தைக் கணித்தார்கள். இரண்டொரு மைல் தவறுவது இயல்பு. மேகம் மூடினால் அதுவும் இல்லை. மூன்று மைல் அகலமுள்ள பள்ளத்தாக்கை இரண்டு மைல் பிழையோடு குறித்தால் அப்படம் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தனை இடர்களுக்கிடையில்தான் நம் கீழைக்கடற்கரையின் பள்ளத்தாக்குகள் வெளிப்பட்டன. அந்த வரலாற்றின் முதற்பகுதி விசாகப்பட்டினத்தில் நடந்தது. 1952-இல் அமெரிக்கக் கடலியல் அறிஞர் யூஜீன் லஃபாண்ட், ஃபுல்பிரைட் திட்டத்தின்கீழ் ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே நிலநூல் துறையை நடத்திவந்தவர் பேராசிரியர் சி. மகாதேவன், சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி பயின்றவர். பல்கலைக்கழகத்திடம் ஆழ்கடல் செல்லும் கப்பல் கிடையாது. இந்தியக் கடற்படை தன் கப்பல்களைத் தந்து உதவியது. போருக்காகக் கட்டிய கப்பல்களில் மாணவர்கள் ஏறி, நீரின் வெப்பத்தையும் உப்பையும் தரையின் மண்ணையும் அளந்தார்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களில் கடலியல் கல்வி வேரூன்றியது இவ்வாறுதான். பணமும் கருவியும் குறைந்த காலத்தில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் செய்த இவ்வேலைக்கு உரிய புகழ் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

பின்னர் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சர்வதேச இந்துமகா சமுத்திர ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. 1965 வரை பல நாடுகளின் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் இதில் ஈடுபட்டன. அவற்றுள் ஒன்று ‘ஆன்டன் பிரூன்’. முன்னர் ‘வில்லியம்ஸ்பர்க்’ என்ற பெயரில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனின் உல்லாசப் படகாக இருந்தது அது. 1963-இல் அக்கப்பல் வங்கக் கடலில் சென்றபோது எடுத்த எதிரொலிப் பதிவுகளிலிருந்து, ஆந்திரக் கடற்கரைக்கு எதிரே கண்டச் சரிவில் மூன்று பெரும் பள்ளத்தாக்குகளை லஃபாண்ட் கண்டறிந்தார். 1964-இல் வெளிவந்த கட்டுரையில் அவற்றுக்கு ஆந்திரா, மகாதேவன், கிருஷ்ணா என்று பெயரிட்டிருந்தார். பேராசிரியர் மகாதேவன் 1962-இலேயே மறைந்துவிட்டார். கல்லையும் மண்ணையும் கற்பித்த ஆசிரியரின் பெயர், எவரும் நடந்து செல்ல இயலாத ஒரு பள்ளத்தாக்குக்கு இடப்பட்டிருப்பது நினைத்துப் பார்க்கத்தக்கது.

அதே திட்டத்தில் இந்தியாவின் சார்பில் சென்றது ஐ.என்.எஸ். ‘கிஸ்ட்னா’. இரண்டாம் உலகப் போரில் ஈடுபட்ட போர்க்கப்பல். பெயரும் கிருஷ்ணை ஆற்றின் பெயரே. அக்கப்பல் சோழமண்டலக் கரையோரம் எடுத்த அளவுகளைக் கொண்டு, வரதாச்சாரி, நாயர், மூர்த்தி ஆகிய மூவரும் 1968-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பாலாற்று முகத்துவாரத்துக்கும் எதிரே கண்டச் சரிவில் பள்ளத்தாக்குகள் இருப்பதை அது உலகுக்கு அறிவித்தது. கடலூரிலும் புதுச்சேரியிலும் பிறந்து வளர்ந்தோர் நம் மன்றத்திலும் இருக்கக்கூடும். ஊருக்கு எதிரே இவ்வளவு பெரிய பள்ளத்தாக்கு உண்டென்று அவர்களுக்குப் பள்ளியில் எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். இத்திட்டத்தின் பயனாகவே 1966-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் தேசியக் கடலாய்வு நிறுவனம் தோன்றியது. அது கோவாவில் உள்ளது.

கப்பல் கரைக்குத் திரும்பிவிட்டது. கையில் இருப்பவை சில நீண்ட தாள்கள். இனிப் படம் வரையவேண்டும். இங்கேதான் எனக்கு மிகவும் சுவையாகப் படும் பகுதி தொடங்குகிறது.

கப்பல் கரைக்கு இணையாக, பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில், மூன்று முறை சென்றதாகக் கொள்வோம். கரைக்கு அண்மையான முதற்பாதையில் இரண்டு பள்ளங்கள் தெரிகின்றன. அடுத்த பாதையில் ஒன்று. கடைசிப் பாதையில் மீண்டும் இரண்டு. பாதைகளுக்கு இடையே கடல் வெற்றிடம். அங்கு ஓர் அளவும் இல்லை. இப்போது சமஆழக் கோடுகளை எவ்வாறு இணைப்பது? மேலே இருந்த இரண்டும் ஒன்றுசேர்ந்து, கீழே மறுபடி பிரிந்தன என்று வரையலாம். ஒன்று நடுவில் முடிந்துபோயிற்று, வேறொன்று புதிதாகத் தோன்றிற்று என்றும் வரையலாம். நடுப்பாதையில் இரண்டாவது பள்ளத்தைப் பக்க எதிரொலி மறைத்துவிட்டது என்று கருதி இரண்டையும் கடைசி வரை நீட்டலாம். மூன்று படங்களும் தாள்களோடு பொருந்தும். எதனைத் தேர்வது என்பதை எண்கள் சொல்லா. வரைபவரின் மனத்திலுள்ள கொள்கை சொல்கிறது. பள்ளத்தாக்கு என்பது பழைய ஆறு என்று நம்புகிறவர், கிளையாறுகள் பேராற்றில் சேர்வதுபோல முதற்படத்தை வரைவார். சில ஆண்டுகள் கழித்து வேறொருவர் அப்படத்தைப் பார்த்து, ‘பாருங்கள், ஆறு போலவே கிளைகள் சேர்கின்றன, ஆகவே இது ஆறுதான்’ என்பார். கொள்கை படமாகி, படம் சான்றாகி, சான்று மீண்டும் கொள்கைக்கே துணைநிற்கும் இந்த வட்டத்தைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் ஒரு வரியும் எழுதுவதில்லை.

இந்த வட்டத்தை உடைக்க வேறு வகைச் சான்று வேண்டும். அதற்கு ஓர் அழகிய எடுத்துக்காட்டு மேரி தார்ப் என்ற அம்மையாரின் வேலை. பெண்களைக் கப்பலில் ஏற்றாத காலம் அது. நியூயார்க்கில் மேசைமுன் அமர்ந்து, பிறர் கொணர்ந்த ஆழக்கணக்குகளை அவர் வரைந்தார். 1952-இல் வட அட்லாண்டிக்கின் குறுக்குவெட்டுப் படங்கள் ஆறினை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தபோது, நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில் ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டுப் பள்ளம் இருப்பதைக் கண்டார். உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் முதலில் அதனை ‘பெண்பிள்ளைப் பேச்சு’ என்று தள்ளிவிட்டார். பக்கத்து மேசையில் வேறொருவர், முற்றிலும் வேறு காரியத்துக்காக, நிலநடுக்க மையங்களைக் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது நடுக்கங்கள் அந்தப் பள்ளத்தின் வழியே வரிசையாக விழுந்தன. ஹீசன் வாயடைத்துப் போனார். அவ்விருவரும் வரைந்த இந்துமகா சமுத்திரத் தரைப்படம் 1964-இல் வெளிவந்தது.

நம் பள்ளத்தாக்குகளைக் குடைந்தது யார் என்ற கேள்விக்கு வருவோம். ஆறு என்பது முதல் விடை. அது வெறுங்கற்பனையன்று. இற்றைக்குச் சுமார் இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு முன், துருவங்களில் பனி மிகுந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இன்றைய கண்டத்திட்டில் பெரும்பகுதி அன்று வறண்ட நிலம். பொன்முகலியும் பாலாறும் பெண்ணையும் அத்திட்டைக் கடந்து, சரிவின் விளிம்பருகே கடலில் விழுந்திருக்கவேண்டும். (பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் இங்கே கொண்டுவந்து பொருத்த நம்மில் பலருக்குக் கை துறுதுறுக்கும். சற்றுப் பொறுத்தல் நலம். இக்கணக்கு காட்டுவது கரையை ஒட்டிய ஒரு கீற்று நிலம் மூழ்கியதை. பெருங்கண்டம் ஒன்று மூழ்கியதையன்று.)

ஆனால் பள்ளத்தாக்குகள் 120 மீட்டரோடு நின்றுவிடவில்லையே! ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் ஆழம் வரை அவை இறங்குகின்றன. அவ்வளவு தாழ்வாகக் கடல் ஒருநாளும் வற்றியதில்லை. எனவே நீருக்கடியிலேயே குடையும் ஒரு சக்தி வேண்டும். மணலும் சேறும் கலந்த நீர் தெளிந்த நீரைவிடக் கனமானது. அது சரிவில் ஆறுபோல இறங்கி ஓடக்கூடும் என்று டேலி என்ற அறிஞர் 1936-இல் கூறினார். பலர் ஐயுற்றனர். சான்று தந்தது ஒரு தந்திக்கம்பி.

1929 நவம்பர் 18-ஆம் நாள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அப்பகுதியில் அட்லாண்டிக்கைக் கடந்து சென்ற தந்திக்கம்பிகளில் 12 அறுந்துபோயின. மையத்துக்கு அண்மையில் இருந்தவை உடனே அறுந்தன. அதில் வியப்பில்லை. தொலைவில், சரிவின் அடியில் இருந்தவையோ ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை தவறாமல், 13 மணி நேரத்துக்கும் மேலாக அறுந்துகொண்டே போயின. ஒவ்வொரு கம்பியிலும் செய்தி நின்ற நிமிடம் கரையிலுள்ள அலுவலகங்களில் பதிவாகியிருந்தது. இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1952-இல், ஹீசனும் யூவிங்கும் அப்பதிவுகளை எடுத்து, தூரத்தை நேரத்தால் வகுத்துப் பார்த்தார்கள். சேற்று வெள்ளம் ஒன்று மணிக்குப் பல பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் சரிவில் இறங்கியிருப்பது புலனாயிற்று. தந்தி அலுவலகத்துக் கடிகாரம் கடலியலுக்கு இப்படி உதவுமென்று எவர் எண்ணியிருப்பார்! அண்மையில் 2020 ஜனவரியில் ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுக்கு எதிரேயுள்ள பள்ளத்தாக்கில் இத்தகைய வெள்ளம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, இணையக் கம்பிகளை அறுத்துவிட்டது. ஆறு திட்டில் வழி வகுத்தது, சேற்று வெள்ளம் சரிவைக் குடைந்தது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதே இன்று பலருக்கும் உடன்பாடு. எந்தப் பள்ளத்தாக்கில் எதன் பங்கு எவ்வளவு என்பது ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஆராயவேண்டியது.

இதெல்லாம் அறிஞர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கவேண்டாம். சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2020 ஆகஸ்டில் திறந்துவைத்த கடலடி இணையக் கம்பி சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமானது. கண்டச் சரிவில் இறங்காமல் அது அக்கரை சேர வழியில்லை. எங்கே பள்ளம், எங்கே மேடு என்று அறியாமல் அத்தகைய கம்பியை இடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்குவதாகும். 2004 டிசம்பர் 26-ஐ நம் கடற்கரை மறவாது. ஆழிப்பேரலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர், 50 மீட்டர் ஆழத்தில் 80. பள்ளத்தாக்கின்மேல் வரும் அலை முந்திச் செல்ல, இருபுறத்து அலை பின்தங்க, அலைமுகம் வளைந்து, அதன் ஆற்றல் பக்கங்களுக்கு ஒதுங்கும். அடுத்தடுத்த இரு குப்பங்களில் ஒன்றில் நீர் குறைவாகவும் மற்றொன்றில் மிகுதியாகவும் ஏற இதுவும் ஒரு காரணமாகலாம். இதனை முன்கூட்டிக் கணக்கிட விரும்பினால் முதலில் தரையின் படம் சரியாக இருக்கவேண்டும். 2005 ஜனவரி 8-ஆம் நாள் குவாம் தீவுக்குத் தெற்கே ‘சான் பிரான்சிஸ்கோ’ என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் முழுவேகத்தில் ஒரு கடலடி மலையில் மோதியது. மாலுமி ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். அவர்கள் பயன்படுத்திய படத்தில் அந்த மலை இல்லை.

இன்றைய கருவிகள் வெகுவாக முன்னேறிவிட்டன. ஒரே ஒலிக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான குறுகிய ஒலிக்கற்றைகளை விசிறிபோல் அனுப்பி, ஒவ்வொன்றின் எதிரொலியையும் தனித்தனியே கேட்கும் பல்கற்றை எதிரொலிமானி வந்துவிட்டது. முன்னர்ச் சொன்ன பக்க எதிரொலித் தொல்லை இதனால் பெரும்பாலும் தீர்ந்தது. ஆயினும் விசிறியின் அகலம் ஆழத்தைப் பொறுத்தது. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஒரே ஓட்டத்தில் மூன்று நான்கு கிலோமீட்டர் அகலத்தை அளக்கலாம். ஐம்பது மீட்டர் ஆழத்தில் இருநூறு மீட்டர்கூடத் தேறாது. ஆகவே வீட்டு வாசலைப் போன்ற கண்டத்திட்டை அளப்பதுதான் ஆழ்கடலை அளப்பதைவிட நெடிய வேலையாக இருக்கிறது.

வானிலிருந்து பார்த்தால் என்ன என்று கேட்கலாம். நாயுடுபேட்டையிலிருந்து சூளூர்ப்பேட்டை தொலைவன்று. அதற்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரியைக் கடந்தால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து 2013 பிப்ரவரி 25-ஆம் நாள் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து செய்த ‘சரள்’ என்னும் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அது கடல்மட்டத்தின் உயரத்தைச் சில சென்டிமீட்டர் நுட்பத்துடன் அளந்தது. கடலடியில் 2,000 மீட்டர் மலை இருந்தால், அதன் ஈர்ப்பு நீரைத் தன்பக்கம் இழுப்பதால், மேலே கடல் ஏறத்தாழ இரண்டு மீட்டர் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பை அளந்து கீழேயுள்ள மலையை ஊகிக்கலாம். அருமையான யோசனை; பெரிய மலைகளுக்கு நன்றாகவே பலிக்கிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலமுள்ள, பாதி சேற்றால் நிரம்பிய பள்ளத்தாக்கோ அவ்வாறு புலப்படுவதில்லை. 2022 டிசம்பரில் ஏவிய ‘ஸ்வாட்’ செயற்கைக்கோள் முன்னையவற்றைவிடக் கூர்மையானது என்றாலும், பள்ளத்தாக்கின் சுவரை அறியக் கப்பல்தான் செல்லவேண்டும்.

1903-இல் மொனாக்கோ அரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆதரவில் தொடங்கிய ‘ஜெப்கோ’ என்னும் உலகக் கடலடிப் படத் திட்டம் இன்றும் நடைபெறுகிறது. 2025 ஜூனில் வெளியான அதன் கணக்குப்படி, உலகக் கடல் தரையில் தற்காலக் கருவிகளால் அளந்தது 27.3 விழுக்காடு. மீதி ஏறக்குறைய முக்கால் பங்கும் ஊகமும் பழைய அளவுகளும்தான்.

அப்படத்தை இன்று எந்த மாணவரும் காசு கொடாமல் கணிப்பொறியில் இறக்கிக்கொள்ளலாம். சுமார் 450 மீட்டருக்கு ஒரு கட்டமாக உலகம் முழுவதற்கும் ஆழம் குறித்திருக்கும். அழகிய வண்ணங்களோடு அதனைப் பார்க்கும்போது எல்லாமே அளந்தது போலவே தோன்றும். ஆனால் அதனுடன் இரண்டாவது தாள் ஒன்றும் தருகிறார்கள். ஒவ்வொரு கட்டத்தின் ஆழமும் எப்படிக் கிடைத்தது என்பதை அது சொல்லும்: பல்கற்றைக் கருவியால் அளந்ததா, ஒற்றை எதிரொலியா, செயற்கைக்கோளைக் கொண்டு ஊகித்ததா, இரு அளவுகளுக்கு இடையே கோடு இழுத்து நிரப்பியதா என்று எண்குறியால் காட்டும். 1963-இல் பென்சிலோடு அமர்ந்தவர் தம் மனத்துள் வைத்துக்கொண்ட செய்தியை இன்று வெளிப்படையாக எழுதி வைக்கிறார்கள். நாயுடுபேட்டை 14 பாகை வட அட்சரேகைக்குச் சற்றுத் தெற்கே உள்ளது. நம் நிலநூல் மாணவர்களில் எவரேனும் ஒரு விடுமுறை நாளில், பொன்முகலியின் முகத்துவாரத்திலிருந்து நேர் கிழக்காகக் கண்டச் சரிவு வரை அந்தக் கட்டங்களை எடுத்துப் பார்க்கலாம். வண்ணப் படத்தைப் பிறகு விரியுங்கள். முதலில் இரண்டாவது தாளைப் பாருங்கள்.